திராட்சைத் தோட்டத்திலே தீப்பொறி!

விழுப்புரத்திலே கூட்டம் முடித்துவிட்டு, மறுநாள் திண்டிவனத்துக் கூட்டத்துக்குப் போகப் பேருந்தை எதிர்பார்த்துப் படிப்பகத்துத் திண்ணையிலே உட்கார்ந்திருந்தோம். தோழர் ஒருவர் வந்தார். மண்டியிலே மூட்டை தூக்குபவர். தோளிலே துண்டு, துண்டிலே மல்லாட்டைத் தூசு, கையிலே பளபளக்கும் ஒரு வண்ணத் தாள்! தாளை நம்மிடம் நீட்டி, அண்ணே, இது நம் படிப்பகத்துச் சுவரிலே இருக்கிறாரே தாடிக்காரர், அவர் பிறந்த ஊர்தானே என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தோம். உல்லாசப் பயணத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் அது. ஜெர்மனி நாட்டிலே மோசல் என்றோர் ஆறு. ஆற்றிலே வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல். கப்பலின் மேல்தட்டிலே சாய்வு நாற்காலி. நாற்காலியிலே கிண்ணம் ஏந்திய ஒரு கனவான். இருமருங்கிலும் வானத்தைத் தொட ஏறுவது போலத் திராட்சைத் தோட்டங்கள்! கோட்டை உண்டு, கொத்தளம் உண்டு, மாலையிலே மது ருசி பார்க்கும் விருந்து உண்டு. கட்டணம் எவ்வளவு? அதைச் சொன்னால் மூட்டை தூக்கும் தோழரின் முதுகு இன்னும் கொஞ்சம் வளையும். வேண்டாம், விட்டுவிடுவோம்.

தோழர் கேட்டது சரிதான். அந்தக் கப்பல் போய்ச் சேருகின்ற ஊர் ட்ரியர். 1818 மே 5ஆம் நாள் காரல் மார்க்ஸ் பிறந்த ஊர் அது. மேல்தட்டுக் கனவான் கண்டு களிக்கிறானே அந்தத் திராட்சைச் சரிவு, அதிலே பாடுபட்டவனின் கண்ணீரைப் பற்றி எழுதப் புகுந்துதான், சட்டம் படித்த ஓர் இளைஞர் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பினார். இதைப் பிற்காலத்திலே அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கதையைத் தோழரிடம் சொன்னோம். திண்டிவனம் பேருந்து இரண்டு போய்விட்டது. போகட்டும்!

மதுவைப் பற்றிய கதையை எழுதுகிறார்களே என்று முகம் சுளிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்டுக் குடியானவனுக்குத் திராட்சை என்பது நம் குடியானவனுக்கு மல்லாட்டை போல. விளைவிப்பவன் ஒருவன், விலை வைப்பவன் வேறொருவன். அய்ரோப்பாவின் மது நம் மண்ணுக்கும் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்திலே அரிக்கமேட்டைத் தோண்டியபோது, ரோமாபுரி நாட்களிலே திராட்சை மது நிரப்பிவந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. 1945ஆம் ஆண்டிலே வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் அகழ்ந்து கண்டார். யவனர் கலம் ஏற்றிவந்த மதுவைப் புறநானூற்றுப் புலவனும் அறிவான். அதே ரோமானியர்தாம் மோசல் கரையிலும் திராட்சையைப் பரப்பினார்கள். அவர்கள் கட்டிய கருங்கோட்டை வாயில் ட்ரியரிலே இன்றும் நிற்கிறது. மார்க்ஸ் வளர்ந்த வீடு அதற்கு அருகிலேதான்.

தந்தையார் ஹைன்ரிஷ் மார்க்ஸ் ஒரு வழக்குரைஞர். பிறப்பால் யூதர். அவர் குடும்பத்திலே ட்ரியர் நகரத்து யூத குருமார்கள் வழிவழியாக வந்தார்கள். 1815க்குப் பிறகு ரைன் நாட்டை விழுங்கிய பிரஷ்ய அரசு, யூதனுக்கு அரசுப் பதவி இல்லை, வழக்கு மன்றத்திலே தொழில் இல்லை என்றது. மதத்தை மாற்று, அல்லது தொழிலை விடு! ஹைன்ரிஷ் கிறித்தவரானார். பிறப்பைக் காட்டி வாயிலை அடைக்கும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணியிருப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வசதியான குடும்பம்தான். ஊரிலே வசதி படைத்தவர்களைப் போல அவர்களுக்கும் திராட்சைத் தோட்டத்திலே பங்கு இருந்தது. ஏழைக் குடிசையிலே பிறந்தார், பட்டினியிலே வளர்ந்தார் என்று கதை கட்டவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

1835 அக்டோபரிலே, 17 வயதிலே, இளைஞன் மார்க்ஸ் ட்ரியரிலே படகு ஏறினான். விடியுமுன்னே குடும்பமே கரைக்கு வந்து வழியனுப்பியது. மோசல் வழியாகக் கோப்லென்ஸ், அங்கிருந்து ரைன் ஆற்றிலே பான் நகரம், பல்கலைக் கழகம். இன்றைக்குக் கனவான் போகிறானே, அதே வழி! ஆறு நேராக ஓடாது. பாம்பு போல வளைந்து வளைந்து, ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் சேர 190 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒவ்வொரு வளைவிலும் செங்குத்தான சரிவு. சரிவு முழுவதும் பலகைக் கல். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவிலே கொடிக்குச் சூடு கொடுக்கும். குளிர் நாட்டிலே திராட்சை பழுக்கிற சூட்சுமம் அதுதான். ஆனால் அந்தச் சரிவிலே ஏர் ஏறாது, மாடு ஏறாது. மனிதன்தான் ஏறவேண்டும். மழையிலே சரிந்து இறங்கிய மண்ணைக் கூடையிலே அள்ளி, முதுகிலே சுமந்து, மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். இதைக் கேட்டதும் நம் தோழர் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

படகிலே போன 17 வயதுப் பையன் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தானா? பார்த்ததாகத் தெரியவில்லை. பான் நகரிலே ட்ரியர் மாணவர்களின் குடிக்குழுவிலே சேர்ந்தான், தலைவர்களில் ஒருவனானான், இரவிலே கூச்சல் போட்டதற்காக ஒரு நாள் காவலிலே அடைபட்டான். தந்தை கண்டித்து, பெர்லினுக்கு மாற்றினார். அதற்கு முன்பே, பால்ய சிநேகிதி ஜென்னியை மணப்பதென்று இரகசியமாக நிச்சயம் செய்துகொண்டான். அவள் நான்கு வயது மூத்தவள், பிரபு குடும்பத்துப் பெண். 1838இலே தந்தை மறைந்தார். 1841இலே தத்துவத்திலே டாக்டர் பட்டம் கிடைத்தது. பேராசிரியர் பதவி? சர்க்காருக்குப் பிடிக்காத கருத்துடையோருக்குக் கதவு சாத்தப்பட்டது. வேலை கிடைக்காத படிப்பாளி எங்கே போவான்? பத்திரிகைக்கு வருவான்! நமக்குத் தெரியாததா?

கொலோன் நகரத்திலே, தாராளக் கொள்கை கொண்ட வணிகர்களின் பணத்திலே நடந்த ஏடு 'ரைனிஷ் ஜைட்டுங்'. 1842 அக்டோபரிலே மார்க்ஸ் அதன் ஆசிரியரானார். வயது 24. தணிக்கை அதிகாரி படித்துப் பார்த்து, அடித்துத் தள்ளியது போக மிச்சம்தான் அச்சேறும். அப்படியிருந்தும் சில மாதங்களிலே சந்தாதாரர் தொகை இரு மடங்குக்கு மேல் ஆயிற்று.

முதல் மோதல் விறகைப் பற்றியது. காட்டிலே தானாக விழுந்த சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் பழைய பாத்தியதை. ரைன் மாநில சபை அதைத் திருட்டு என்றது. யார் அந்தச் சபையிலே? நிலமுடையோர், காடுடையோர்! சுள்ளியின் மதிப்பை யார் கணக்கிடுவது? காட்டுக்காரனிடம் சம்பளம் வாங்கும் காவற்காரன்! அபராதம் யாருக்கு? அதுவும் காட்டுக்காரனுக்கே! மார்க்ஸ் இந்த ஏற்பாட்டைக் கிழித்து எறிந்தார். பொதுவான சட்டம் என்ற பெயராலே, அரசாங்கத்தையே காட்டுக்காரனின் வேலைக்காரனாக்கி விட்டீர்களே என்ற கருத்திலே எழுதினார். செஞ்சி மலைப் பக்கத்திலே சுள்ளி பொறுக்கப் போய் அபராதம் கட்டித் திரும்பிய தாய்மார்களைக் கேட்டால், அந்தக் கட்டுரையின் பொருளை நம்மைவிட நன்றாக விளக்குவார்கள்.

விறகுக்கும் திராட்சைக்கும் என்ன தொடர்பு? நெருங்கிய தொடர்பு. மோசல் சரிவிலே ஒவ்வொரு கொடிக்கும் ஒரு முளைக்கழி ஊன்றவேண்டும். கழிக்கு மரம் வேண்டும். கழி வாங்கக் காசில்லாத திராட்சைக் குடியானவன் காட்டுக்கு வெளியே நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கையிலே காசு ஏன் இல்லை? இங்கேதான் தோழர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். பிரஷ்ய அரசு 1818இலே ஒரு சுங்கச் சட்டம் போட்டது. வெளி மதுவுக்கு வரி. ஆகவே மோசல் மதுவுக்கு உள்நாட்டிலே நல்ல விலை. குடியானவன் மகிழ்ந்தான். மல்லாட்டை விலை ஏறிய வருஷம் நம்மவர் ஏரிக்கரை வரை மல்லாட்டை போடுவதில்லையா? அப்படியே அவனும் கடன் வாங்கி, புதுச் சரிவைத் திருத்தி, கொடி நட்டான். திராட்சை காய்க்கச் சில வருஷம் பிடிக்கும். காய்க்கும் நேரம் பார்த்து அரசு வேறு கணக்குப் போட்டது. 1828 தொடங்கித் தென் ஜெர்மன் நாடுகளோடு ஒவ்வொன்றாகச் சுங்க உடன்பாடு. 1834இலே பெரிய சுங்கக் கூட்டு. தெற்கிலிருந்து மலிவான மது மடை திறந்தாற்போல வந்து பாய்ந்தது. மோசல் மதுவின் விலை சரிந்தது. பீப்பாய் பீப்பாயாகச் சரக்கு நிலவறையிலே தங்கிவிட்டது. ஆனால் நிலவரி குறையவில்லை, கடனுக்கு வட்டி குறையவில்லை. தோட்டம் ஏலத்துக்கு வந்தது. அந்த வட்டாரத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கப்பல் ஏறின. நம் பக்கத்து மக்கள் புதுச்சேரித் துறையிலே ரீயூனியன் தீவுக்குக் கப்பல் ஏறினார்களே, ஏறக்குறைய அதே காலம்!

அரசு நல்லெண்ணத்தோடுதான் சுங்கக் கூட்டை அமைத்தது என்று சொல்வோர் உண்டு. தொழிலுக்கு அது நன்மை செய்தது என்பதும் உண்மைதான். நாம் மறுக்கவில்லை. நன்மைக்கான விலையை யார் தலையிலே கட்டினார்கள் என்பதே கேள்வி.

மோசல் பக்கத்து நிருபர் ஒருவர் இந்த அவலத்தை ஏட்டிலே எழுதினார். அந்தக் குடியானவனின் கூக்குரல் அதிகாரிகளின் காதிலே துடுக்குத்தனமாக ஒலிக்கிறது என்றும் எழுதினார். மாநிலத்தின் பெரிய அதிகாரி ஷாப்பர் என்பவர் சீறினார். ஆதாரம் எங்கே? எந்த ஊர்? எந்த அதிகாரி? பெயர் சொல்! நிருபர் திணறினார். ஆசிரியரான மார்க்ஸ் அந்தச் சுமையைத் தன் தோளிலே ஏற்றிக்கொண்டார். ஏடுகளை, மனுக்களை, அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளையே தேடித் திரட்டினார். 1843 ஜனவரியிலே பதில் கட்டுரை வரத் தொடங்கியது.

என்ன பதில்? அதிலேதான் மார்க்ஸ் மார்க்ஸாகிறார். இன்ன தாசில்தார் கொடியவன், இன்ன கலெக்டர் கல்நெஞ்சன் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஊர் கைதட்டியிருக்கும். அவர் வேறு வழி போனார். அதிகாரி நல்லவனாகவே இருக்கட்டும். வட்டாரம் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால், தன் நிர்வாகம் கெட்டது என்று ஒப்புக்கொள்வதாகும். ஆகவே குறை குடியானவனிடம்தான், அவன் சோம்பேறி, அவன் மிகைப்படுத்துகிறான் என்று அவன் எழுதியே தீருவான். மேலதிகாரி கீழதிகாரியின் அறிக்கையை நம்பியே தீருவான். ஆட்களை மாற்றினாலும் இதே நாடகம்தான் நடக்கும். ஏனென்றால் கோளாறு ஆளிலே இல்லை, அமைப்பிலே இருக்கிறது! காற்றும் மழையும் போல, மனிதர் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட உறவுகள் இங்கே வேலை செய்கின்றன என்று காட்டினார். ஆள்பவனும் ஆளப்படுபவனும் சமமாக நின்று பேசிக்கொள்ள ஒரு மூன்றாம் இடம் வேண்டும், தடையற்ற பத்திரிகையே அந்த இடம் என்று வாதாடினார்.

அய்ந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாக அறிவித்தார். இரண்டுக்குத்தான் பதில் வெளிவந்தது. மீதி மூன்று? தணிக்கைக் கத்தி! அதே ஜனவரியிலே ஏட்டை ஒழிக்க உத்தரவு பிறந்தது. ரஷ்ய ஜார் மன்னனைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக அந்த மன்னனின் புகாரும் சேர்ந்துகொண்டது. மார்ச்சு 31க்குப் பிறகு ஏடு இல்லை! மோசல் கரைத் திராட்சைக் குடியானவர்கள் ஏட்டுக்காக விண்ணப்பம் எழுதினார்கள். மற்ற சங்கதி எங்களுக்குத் தெரியாது, எங்கள் அவலத்தைப் பற்றி அந்த ஏடு எழுதியது உண்மை என்பது அதன் சாரம். பட்டமும் பரிசும் ஒரு பத்திரிகைக்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நம் நாட்டு ஏடுகளிலும் இந்தக் கதை நடந்ததுண்டு. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931இலேயே தமிழிலே வெளியிட்டது பெரியாரின் 'குடி அரசு'. 1933இலே அதே ஏட்டின் தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மையாரும் வழக்கிலே சிக்கிச் சிறை புகுந்தார்கள். ஆசிரியர் சிறைக்குப் போவது பத்திரிகை நடத்தும் செலவிலே ஒன்று என்று கணக்கெழுதிய காலம் அது.

ஏடு போன பின் மார்க்ஸ் 1843 ஜூன் 19ஆம் நாள் ஜென்னியை மணந்தார். மணம் நடந்த குரொய்ட்ஸ்நாக் ஊரும் திராட்சை விளையும் நாஹே ஆற்றங்கரையிலேதான். மணமக்கள் ரைன் கரையோரமாகப் பயணம் போனார்கள். கையிலே மாமியார் கொடுத்த பணப்பெட்டி. தங்கிய இடத்திலே பெட்டியைத் திறந்தே வைத்து, வேண்டிய நண்பர்கள் எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள், திரும்பும்போது பெட்டி காலி என்று சொல்வார்கள். பொருளாதாரத்தை உலகுக்கு விளக்கியவர் வீட்டுப் பொருளாதாரத்திலே கடைசி வரை தேறவில்லை!

பிறகு பாரிஸ், விரட்டல். பிரஸ்ஸல்ஸ், விரட்டல். 1848இலே கம்யூனிஸ்ட் அறிக்கை. புரட்சி வெடித்ததும் கொலோன் திரும்பிப் புதிய ஏடு. 1849 மே 19ஆம் நாள் அதுவும் மூடப்பட்டபோது, கடைசி இதழை முழுவதும் சிவப்பு மையிலே அச்சடித்து விட்டுத்தான் வெளியேறினார். இடையிலே தோழர் எங்கெல்ஸ் கைதுக்குத் தப்பி, பாரிசிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கால்நடையாகவே போனார். திராட்சை அறுவடை நேரம், வழியிலே பர்கண்டி நாடு. அவர் அங்கே அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. நல்ல மதுவின் பெயரும் ஆண்டும் எங்கெல்சுக்கு மனப்பாடம். இலண்டனிலே மார்க்ஸ் வீட்டுக்குப் பணத்தோடு மதுப்புட்டிகளும் அனுப்பியவர் அவர்.

இலண்டன் வாழ்வு கொடுமை. அடுக்கடுக்காகக் குழந்தைகள் இறந்தன. 1852இலே ஓராண்டுச் சிசு பிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டிக்குக் காசில்லை. பிரெஞ்சு அகதி ஒருவர் கொடுத்துதவிய பணத்திலே பெட்டி வாங்கினார்கள். அந்த வறுமைக்கு நடுவே அமெரிக்க ஏடு ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக் கஞ்சி குடித்தார்.

அந்தக் கட்டுரைகளிலே ஒன்று நம்மைப் பற்றியது! சென்னை மாகாணத்திலே வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள். விரல்களைக் கிட்டியிலே வைத்து நெரித்தார்கள். அண்ணாந்தாள் போட்டு உடலை வளைத்துக் கட்டினார்கள். ஆங்கில அரசே விசாரணைக் குழு அமைத்தது. 1855இலே அறிக்கை வந்தது. 1857இலே, வடக்கே சிப்பாய்களின் கொடுமை என்று ஆங்கிலேயன் ஓலமிட்ட நேரத்திலே, மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து விரித்துக் காட்டினார். நிலவரி வாங்க நீங்கள் செய்தது என்ன என்று கேட்டார். மோசல் கரையிலே நிலவரியைப் பற்றி எழுதிய அதே கை! அதே முறை! சர்க்காரின் சொந்தக் காகிதத்தைக் கொண்டே சர்க்காரைச் சந்திக்கு இழுக்கும் முறை. தென்னார்க்காடும் அன்று அந்த மாகாணத்திலேதான் இருந்தது என்று சொன்னோம். படிப்பகத்துத் தோழர் சுவரிலிருந்த படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

1863 டிசம்பரிலே, தாய் இறந்த பிறகு, சொத்துக் கணக்கு முடிக்க மார்க்ஸ் ட்ரியர் போனார். 45 வயது. ரோமானியர் கட்டடம் எதையும் அவர் தேடிப் போகவில்லை. தினமும் ஜென்னி வாழ்ந்த பழைய வீட்டின் முன் போய் நின்றார். ட்ரியரின் பேரழகி எப்படி இருக்கிறாள் என்று ஊரார் விசாரித்ததை ஜென்னிக்கு எழுதினார். நான்கு ஆண்டு கழித்து, 1867இலே, 'மூலதனம்' முதல் பாகம் வந்தது. 1881இலே ஜென்னி போனார். 1883 மார்ச்சு 14ஆம் நாள் மார்க்சும் போனார். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத மனிதராகவே போனார். இலண்டன் ஹைகேட் இடுகாட்டிலே கூடியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

அவர் பிறந்த வீட்டை ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1928இலே வாங்கியது. 1933இலே நாஜிகள் பறித்தார்கள். 1947இலே அது காட்சிச்சாலையாகத் திறந்தது. 2018இலே, 200ஆம் பிறந்தநாளுக்குச் சீனா கொடுத்த பெரிய வெண்கலச் சிலை எழுந்தது. அவர் படம் போட்ட பூச்சிய யூரோ நோட்டு ஒன்று அச்சடித்து, அதை 3 யூரோவுக்கு விற்றார்கள். உபரி மதிப்பு என்றால் என்ன என்று தோழர்கள் கேட்டால் இனி நமக்கு விளக்கம் எளிது!

மோசலை 1964இலே கால்வாய் போலத் திருத்திவிட்டார்கள். கோப்லென்சிலிருந்து ட்ரியர் வரை 10 மதகுப் பூட்டுகள். கப்பல் படிப்படியாக ஏறிப் போகிறது. சரிவுகள் மட்டும் அப்படியேதான். 60 பாகைக்கு மேல் செங்குத்தான தோட்டங்களிலே இன்றும் கையால்தான் வேலை. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலிக்கு ஆள் வருகிறார்கள். மேல்தட்டிலிருந்து பார்த்தால் அவர்கள் எறும்பு போலத் தெரிவார்கள்.

கதையைக் கேட்டு முடித்த தோழர், அந்த வீட்டுக்குள்ளே கூட்டிப் போவார்களா அண்ணே என்றார். தாளைத் திருப்பி, பொடி எழுத்திலே இருந்த நிகழ்ச்சி நிரலைப் படித்தோம். மது ருசி பார்ப்பதற்கு மூன்று மாலை ஒதுக்கியிருந்தார்கள். ட்ரியருக்கு அரை நாள். மார்க்ஸ் பிறந்த வீடு, விரும்புவோர் மட்டும், நுழைவுக் கட்டணம் தனி. மூன்றாவது பேருந்து வந்துவிட்டது. தாளை அவரிடமே கொடுத்துவிட்டு ஏறினோம்.